முடுக்காமல் விட்ட சக்கரம்

கல்லாங்காட்டுப்புதூரில் மழை பெய்யாத வருஷம் உண்டு, தறி ஓடாத மாசம் உண்டு, சண்டை நடக்காத சந்தைக்கிழமைகூட எப்போதாவது ஒன்று உண்டு. ஆனால் சென்னியப்பனின் காரிலிருந்து கழன்ற சக்கரம் ஊருக்குள் உருண்டு வராத நாள் என்று ஒன்று, அவர் செத்த புதன்கிழமைக்குப் பிறகு, இருந்ததே இல்லை. புளியமரத்து வளைவில் கார் போய் மோதி நின்றது. கார் நின்ற பிறகும் முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ரோட்டோரமாக உருண்டு, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, சந்தைப்பேட்டைக்குள் நுழைந்து, மாரியம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, பஸ் ஸ்டாண்டு வழியாகச் சென்னியப்பன் வீட்டுத் தெருவுக்கு வந்து, அங்கிருந்து மறுபடியும் புளியமரத்துக்குப் போனது. போனதும் திரும்பி வந்தது. மேய்ச்சல் முடிந்து எருமை வீடு திரும்புகிற வேகம்தான், அதற்கு மேலும் இல்லை, அதற்குக் கீழும் இல்லை.

இழவு வீட்டுப் பந்தலுக்குள் அது முதல்முதலாக நுழைந்தபோது யாரும் கூச்சல் போடவில்லை. இழவு வீட்டில் யார் எதைப் போய் விசாரிப்பது? நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும், "யாரு வூட்டுதப்பா இது?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பெண்களுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். யார் வீட்டுச் சக்கரம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிம்மில் காற்று அடைக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சொட்டு நீலப் பெயின்ட் இருந்தது, எந்தச் சக்கரம் எந்தப் பக்கத்துக்கு என்று அடையாளம் தெரிவதற்காக அவர் வைத்தது. அவள் எழுந்தாள், எல்லோரும் அவள் அதைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று தொண்டையைச் செருமித் தயாரானார்கள், ஆனால் அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் திருப்பிப் பந்தலுக்கு வெளியே தள்ளிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். அழவும் இல்லை.

சென்னியப்பன் கார்ச் சக்கரத்தை இன்னொருவன் கையில் கொடுக்கிற ஆள் அல்ல. சொந்தமாகச் சின்னத் தறிக்கூடம் வைத்திருந்தார். புதன்கிழமை கரண்ட் இருக்காது, தறி ஓடாது. அன்றைக்குச் சும்மா இருந்தால் அவருக்குக் கை நமைக்கும். வெள்ளைக் காரை வாசலில் நிறுத்தி, கோணிச்சாக்கை விரித்து, மற்றச் சக்கரங்களுக்கு அண்டையாகச் செங்கல் வைத்து, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று இளக்கி, அதற்கப்புறம்தான் ஜாக்கி போடுவார். தூக்கிவிட்டு இளக்கினால் வண்டி சறுக்கிவிடும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பார். ஜாக்கி ஏமாற்றினாலும் சக்கரம் தாங்கும். டயரில் சிக்கிய கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்று கசிகிறதா என்று நுரை தடவிப் பார்த்து, முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றுவார். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தனே தேயலாமா என்பது அவருடைய நியாயம். அந்த வீட்டில் இருந்ததென்னவோ இரண்டே பேர்தான், பிள்ளை இல்லை.

கழற்றிய நட்டுகளைப் போட்டுவைக்கச் சமையலறைத் தட்டத்தை எடுத்துக்கொள்வார், வசந்தாமணி ஒவ்வொரு தடவையும் திட்டுவாள், அவர் ஒவ்வொரு தடவையும் அதையே எடுப்பார். அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கும்போது அது கூடச் சேர்ந்து சுற்றாமலிருக்க அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். "மிதி" என்பார், மிதிப்பாள். எதிரெதிராக நாலு நட்டையும் முடுக்குவார், மேலே ஒன்று கீழே ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. முடித்துவிட்டுப் பேனட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டினால் காலை எடுக்கலாம் என்று அர்த்தம். பாவாடை கட்டியதிலிருந்து யாரும் தன்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை என்றும், இந்தப் பிரேக் ஒன்றுதான் மிச்சம் என்றும் அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்தப் புதன்கிழமை மூன்று சக்கரங்கள் முடிந்திருந்தன. நாலாவதை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி நிறுத்தி, ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். அவள் பிரேக்கை மிதித்தபடி இருந்தாள். அப்போது மில் சங்கு ஊதியது. புதன்கிழமை உச்சிச் சங்கு ஊதினால் ராகு காலம் பிறந்துவிட்டது. ராகு காலத்தில் தொடங்கத்தான் கூடாது, முடிப்பதில் குற்றமில்லை என்று ஊரில் சொல்வார்கள்; வசந்தாமணி பிறந்த வீட்டிலோ முடிப்பதும் கூடாது, தாலிக்கொடியைக் கோத்துக்கொண்டிருந்தாலும் முடிச்சுப் போடாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

"ஏனுங்க, ராகு காலம் பொறந்துருச்சு. இனி எதையும் முடுக்க வேண்டாம்."

"நாலு நட்டு வசந்தா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிரும்."

"நல்ல நேரத்துல முடுக்கிக்கலாமுங்க. வாங்க, சோறு ஆறுது."

சொன்னதோடு விட்டாளா? அவர் தட்டுவதற்கு முன்னாலேயே காலை எடுத்துவிட்டு இறங்கினாள். பிரேக் இல்லாமல் அவர் எதை முடுக்குவது? சிரித்துக்கொண்டே ஜாக்கியை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தபோது போன் வந்தது. ஜவுளிக்கடை நாச்சிமுத்துவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்க வண்டி வேண்டும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். கொல்லையில் தட்டம் கழுவிக்கொண்டிருந்த வசந்தாமணிக்குக் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. தட்டத்தைப் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்து கத்துவதற்குள் வண்டி தெருவைத் திரும்பிவிட்டது. நாச்சிமுத்துவின் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் முறுக்குத் தின்கிறாள்.

காரியம் முடிந்ததும் வசந்தாமணி தனியாக அந்த ரோட்டில் நடந்தாள். நாலு நட்டும் நாலு இடத்தில் கிடந்தன. பொறுக்கிக்கொண்டு வந்து அஞ்சறைப்பெட்டியில் வெந்தயம் இருந்த அறையைக் காலி செய்து அதில் போட்டு மூடினாள். ஊர் அதற்குள் தீர்ப்புச் சொல்லியிருந்தது. "மெக்கானிக்கிட்ட உட்டிருந்தா இப்பிடி ஆகுமா? தானே கழட்டித் தானே மாட்டுனான். கடைசியில நட்ட முடுக்கறதுக்கு மறந்து போயிட்டான்." இதை அவள் காதுபடவே சொன்னார்கள். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும்.

சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. ஊர் என்பது வயிறு மாதிரி, எதைப் போட்டாலும் கொஞ்ச நாள் கடமுடா என்றுவிட்டுச் செரித்துவிடும். கோலம் போடுகிறவர்கள் சக்கரம் போகிற தடத்துக்கு இடம் விட்டுப் போட்டார்கள்; நாளாவட்டத்தில் அந்த இடைவெளியே கோலத்துக்கு அழகு என்று ஆனது. பஸ் டிரைவர்கள் அதற்கு ஹாரன் அடிப்பதில்லை. முதலில் குரைத்த நாய்கள் பிறகு கூடவே நடந்து, பிறகு அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டன. புது வண்டி வாங்குகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்துக்குக் கீழே வைப்பதை விட்டுவிட்டு இதன் தடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், சாவைப் பார்த்த சக்கரம் நசுக்கினால் எந்தத் திருஷ்டியும் நிற்காது என்று. சந்தையில் இரண்டு பேர் கைகலந்தால், சக்கரம் வந்துவிட்டால் மட்டும் விலகி நின்று, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

எல்லாம் டைலர் மாரப்பன் விஷயம் நடக்கிறவரைக்கும்தான். ஒரு நாள் சக்கரம் எதன் மேலோ ஏறி, தடுமாறி, மாரப்பன் வீட்டுச் சுவரில் சற்று நேரம் சாய்ந்து நின்றுவிட்டுப் போனது. அந்த வாரமே மாரப்பன் போய்ச் சேர்ந்தார். அவர் இரண்டு வருஷமாக இருமி இருமிப் படுக்கையில் கிடந்தவர் என்பது ஊருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இருமலை யாரும் குற்றம் சொல்லவில்லை. சக்கரம் யார் வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் ஒரு சாவு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு கேட்டோரத்தில் ஒரு மூங்கில் கம்பு. சக்கரம் வந்தால் கம்பால் தட்டி அடுத்த வீட்டைப் பார்க்க நகர்த்திவிடுவார்கள், அடுத்த வீட்டார் அதற்கடுத்த வீட்டுக்கு. இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஜாதகத்துக்கு முன்னால், "உங்க தெருவுல சக்கரம் வருமுங்களா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் அது இடறி விழுந்துவிடுமோ என்று பயந்து ஊர்க்காரர்களே கடப்பாரை கொண்டுவந்து அதைப் பெயர்த்தெடுத்தார்கள். பிள்ளைகள் பாடு என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதன்பின் எந்த வீட்டிலும் தானாக நிற்காத சக்கரம் வசந்தாமணியின் வீட்டுக் கேட்டில் மட்டும் தினமும் வந்து முட்டும். முட்டி, கம்பியில் கரகரவென்று உரசி, உள்ளே போக வழி கேட்கிற மாதிரி அங்கேயே சுழலும். உள்ளே வாசலில் அந்த வெள்ளைக் கார் நசுங்கிய மூக்கோடு மூன்று சக்கரத்தில் நின்றது, நாலாவது மூலைக்குக் கல் அடுக்கியிருந்தது. வசந்தாமணி ஓடிவந்து, ஊரிலேயே நீளமான கம்பை எடுத்து, ஊரில் யாரும் அடிக்காத வேகத்தில் அதை அடித்து விரட்டுவாள். "என்ன நெஞ்சழுத்தம் பாரு" என்று தெரு மெச்சிக்கொண்டது. அவளுக்குச் சாவு பயம் இல்லை. அது உள்ளே வந்தால் ஒரு கேள்வி கேட்கும் என்று பயந்தாள், என்ன கேள்வி என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. விரட்டிவிட்டு வந்து கம்பைச் சாத்துவாள். புருஷனை அடித்துத் துரத்திய கை இது என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகை மாசத்தில் சக்கரம் நொண்டத் தொடங்கியது. எங்கேயோ ஆணி ஏறிக் காற்று இறங்கிவிட்டது. ரிம் ரோட்டில் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது, அதைவிட அதன் வேகம் குறைந்ததுதான் ஊரைப் பயமுறுத்தியது, யார் வாசலில் நின்றுவிடுமோ என்று. பஞ்சர் கடை அந்தோணியிடம் போனார்கள். "என்ற கடையில வெச்சுக் கழட்டுனா என்ற கடையில நின்ன மாதிரி ஆகாதுங்களா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க" என்று அவன் கும்பிட்டுவிட்டான். கடைசியில் நாச்சிமுத்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வசந்தாமணியிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் காரின் நசுங்கிய மூக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மிணி, உங்க வூட்டுச் சக்கரம். அவரு பண்றதப் பார்த்துப் பார்த்து உங்களுக்குக் கைவந்திருக்கும். காத்த மட்டும் அடைச்சு உட்டுருங்க. ஊரு மறக்காதுங்க."

ஊர் எதை மறந்தது, எதை மறக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டைத் திறந்தாள்.

உள்ளே வந்த சக்கரத்தைப் படுக்கப் போட்டு ஆட்டுக்கல்லின் மேல் வைத்தாள். படுத்தபடியே அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தால் கொஞ்சம் தணியும், எடுத்தால் மறுபடி சுற்றும். சுற்றச் சுற்றவே அவள் ஆணியைப் பிடுங்கினாள், நெம்புகம்பி போட்டு டயரின் விளிம்பைப் பிரித்தாள், ட்யூபை உருவி வாளித் தண்ணீரில் அமுக்கினாள். குமிழி வந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, ஊதிக் காயவைத்து, ஒட்டுப் போட்டாள். கையில் அவர் செய்கிற முறை அப்படியே வந்தது. விரல் நுனியைச் சட்டையில் துடைக்கிறதுகூட வந்தது, அவளுக்குச் சட்டை இல்லாததால் சேலையில் துடைத்துக்கொண்டாள். கேள்வி எதுவும் வரவில்லை. டயரில் சிக்கியிருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்தபோது, சந்தைப்பேட்டை மண்ணும் கோயில் குங்குமமும் நசுங்கிய எலுமிச்சை விதையும் வந்தன. இத்தனை தூரம் இத்தனை நாள் இவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றியிருக்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"அம்மிணி, ஆச்சுங்களா? ரொம்ப நேரம் வெக்காதீங்க" என்று கேட்டுக்கு வெளியே கம்புகளோடு நின்ற கூட்டம் குரல் கொடுத்தது. அவள் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, தெருவுக்குக் கொண்டுபோய் விட்டாள். அது அவள் கையை விட்டு உருண்டது, கூட்டம் பெருமூச்சு விட்டது.

அதிலிருந்து புதன்கிழமை தோறும் அது அவளிடம் வந்தது. அவள் குளித்து, அடுப்பை மூட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். கழுவுவாள், காற்றுப் பார்ப்பாள், துருவைத் தேய்ப்பாள், ரிம்முக்கு எண்ணெய் தொட்டு வைப்பாள், பக்கத்து வீட்டுக் கதை சொல்வாள், தறிக்கூடத்தை யாருக்கு விட்டிருக்கிறாள் என்று சொல்வாள். ராகு காலத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பிறகு வெளியே கூட்டம் கனைக்கும். ஆறுகிற சோற்றை விட்டுவிட்டுப் புருஷனை வேலைக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவைப்பாள். ஒவ்வொரு தடவையும் அது அவள் கையிலிருந்து கிளம்பத் தயங்கியது, ஒவ்வொரு தடவையும் அவள்தான் தள்ளினாள்.

ஒரு நாள் தாங்கமாட்டாமல் பக்கத்து வீட்டுச் சரசாளிடம் சொல்லிவிட்டாள். "சரசக்கா, அவரு மறக்கல. முடுக்கத்தான் போனாரு. ராகு காலம்னு நாந்தான் எந்திரிச்சு வந்துட்டேன்."

சரசாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லதுக்குத்தான கண்ணு சொன்ன? ராகு காலத்துல முடுக்கியிருந்தா இன்னும் என்ன ஆகியிருக்குமோ" என்றாள். செத்ததற்கு மேல் என்ன ஆகும் என்று வசந்தாமணிக்கு விளங்கவில்லை. மறுநாளைக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியது, யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ராகு காலத்தில் வேலையில் கைவைத்ததால்தான் சக்கரம் இப்படி அலைகிறது என்று ஊர் முடிவு கட்டியது. அதற்குப் பிறகு புதன்கிழமை உச்சியில் புதூரில் ஒருத்தர் ஊசியில் நூல் கோப்பதில்லை. அவள் பாரத்தை ஊர் வாங்கிக்கொள்ளும் என்று இறக்கிவைத்தாள், ஊர் அதைத் திருப்பி அவள் தலையிலேயே ஏற்றிவிட்டுப் போனது.

வைகாசி வெயிலில் டயர் பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டையாகி, உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது, எந்த வாசலில் வெடிக்கும் என்றும் தெரியாது. ஊர் கூடிப் பேசியது. அடுத்த புதன்கிழமை, சக்கரம் வசந்தாமணியின் ஆட்டுக்கல்லில் சுற்றிக்கொண்டிருந்தபோது, தாரை தப்பட்டையோடு ஒரு புது டயர் ஊர்வலமாக வந்தது. சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாச்சிமுத்து அதைத் தன் தோளிலேயே சுமந்து வந்திருந்தார்.

"முதல் தரமான டயருங்க அம்மிணி. இத மாட்டி உட்டுட்டீங்கன்னா நம்ம காலத்துக்கும் ஓடும்."

"நம்ம காலத்துக்குமா?" என்றாள்.

"ஆமாங்க. நமக்கப்புறமும் ஓடும்."

வசந்தாமணி சக்கரத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "அவரு எப்பத்தானுங்க உக்காருவாரு?"

நாச்சிமுத்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "உக்காந்தா யாரு வூட்டுலங்க உக்கார்றது?"

"வெச்சுட்டுப் போங்க" என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

பழைய டயரைப் பிரித்தாள். மொட்டை டயரோடு எதையும் முடிப்பது அவருக்குப் பிடிக்காது. புது டயரை மாட்டினாள், கால் பம்பை மிதித்து மிதித்துக் காற்று அடைத்தாள், காற்று அடைக்கும் வாயில் எச்சில் தொட்டு வைத்துக் கசிவு பார்த்தாள். ரிம்மைத் துடைத்தாள். நீலப் பொட்டு வெளுத்திருந்தது. பாதி வேலையில் மில் சங்கு ஊதியது. தெருவில் தப்பட்டை சட்டென்று நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சரசாள் கூப்பிட்டாள்:

"வசந்தா, ராகு காலம் பொறந்துருச்சு. இனி ஒண்ணும் பண்ணாத. சோத்தத் தின்னுட்டு அப்புறமா அனுப்பிக்கலாம்."

வசந்தாமணி அந்தச் சொற்களைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் அவள் வாயிலிருந்து போனதுதான், தெருவைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தது. உள்ளே போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, வெந்தய அறையிலிருந்து நாலு நட்டையும் எடுத்துத் தட்டத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். கோணிச்சாக்கை விரித்தாள். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடுக்கியிருந்த கல்லை உருவினாள். சக்கரத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக் கொண்டுபோய், துரு தேய்த்து வைத்திருந்த மரையாணிகளில் மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி நிறுத்தினாள், அவர் நிறுத்திய அளவுக்கு, அதற்கு மேல் அரைச்சுற்றும் இல்லாமல். அந்தரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இது நின்றால் இந்த வீட்டில் ஒரு சாவு. சாவதற்கு இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம், அதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஸ்பேனரைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பிரேக்கை மிதித்தாள்.

சக்கரம் நின்றது.

ஊரில் அத்தனை நாளாக இருந்த ஒரு சத்தம் நின்றுபோனது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வசந்தாமணி முன்கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை, கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"முடுக்கிட்டே வாங்க. சோறு ஆறுனா ஆறட்டும்."

சாக்கின் மேல் ஸ்பேனர் நகர்கிற சத்தம் கேட்டது. முதல் நட்டு இறுகியபோது கார் லேசாக அசைந்தது. மேலே ஒன்று. கீழே ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் அவர் மூச்சைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவார், அந்த மூச்சும் கேட்டது. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேனட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

அவள் காலை எடுக்கவில்லை. "இன்னொருக்கா முடுக்குங்க" என்றாள். அவர் அவளிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. மறுபடியும் மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முடுக்க இடமே இல்லாத நட்டுகள், அதனால் இந்தத் தடவை கார் அசையவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு, இந்தத் தடவை மெதுவாக.

அவள் காலை எடுத்தாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஜாக்கி இறக்கியிருந்தது. நாலு சக்கரத்திலும் கார் தரையில் நின்றது. ஸ்பேனர் துடைத்துச் சாக்கின் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவள் நட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், இம்மியும் அசையவில்லை. அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, பந்தலில் அழாத அழுகையை, கம்பெடுத்து விரட்டிய ஒவ்வொரு நாளும் அழாத அழுகையை, வாய்விட்டு, தெரு கேட்க அழுதாள்.

தெருவில் அவரவர் வாசலில் கம்போடு நின்றவர்கள் வெறுந்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சரசாள் தன் கம்பை மதிலில் சாத்திவிட்டு, ராகு காலம் முடியட்டும் என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்காமல், கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வசந்தாமணி அவள் கையைப் பிடித்து இழுத்து அந்த நட்டின் மேல் வைத்தாள்.

"முடுக்கிட்டுத்தான் போனாரு, சரசக்கா."